கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறான், ஆனால் வருவதில்லை

வாசகி ஒருவர் தன் நாயைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். பெயர், ஊர் விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

எட்டு வாரக் குட்டியாக வீட்டுக்கு வந்த ஆண் நாய்க்கு இப்போது ஒன்பது மாதம். ஐந்து மாதம் வரை பெயரைச் சொன்னாலே காலடியில் வந்து நிற்பானாம். இப்போது வீட்டுக்குள் மட்டும்தான் அப்படி. மைதானத்தில் லீஷைக் கழற்றிவிட்டால், கூப்பிடும்போது ஒருமுறை திரும்பிப் பார்க்கிறான், பிறகு மற்ற நாய்களை நோக்கி ஓடிவிடுகிறான். தொண்டை வறளக் கத்தினாலும் பலனில்லை. கடைசியில் அருகே வந்தாலும் கைக்கு எட்டாத தூரத்தில் நின்று போக்குக் காட்டுகிறான். பன்னிரண்டு வயது மகன் துரத்திப் பிடித்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. சமீபத்தில் இப்படி ஓடியவன் சாலையின் குறுக்கே பாய, ஒரு வண்டி கடைசி நொடியில் பிரேக் போட்டு நின்றிருக்கிறது. அன்று அவன் தானாகவே திரும்பி வந்தபோது, பயத்திலும் கோபத்திலும் கணவர் லீஷால் அடித்திருக்கிறார். அதிலிருந்து நிலைமை இன்னும் மோசம்.

"செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள், யார் தலைவர் என்று காட்டுங்கள்" என்கிறார் தெரிந்தவர் ஒருவர். மின் அதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டையான ஷாக் காலர் வாங்கலாம் என்கிறார் கணவர். கருத்தடை செய்தால் சரியாகிவிடும் என்கிறார் இன்னொருவர். வாசகியின் கேள்விகள் இவை: "அவனுக்கு என் மீது மரியாதை போய்விட்டதா? தப்பு செய்தது அவன் முகத்திலேயே தெரிகிறது, தெரிந்தும் ஏன் செய்கிறான்? இனிமேல் கற்றுக்கொடுக்க முடியுமா?"

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முடியும். நாய்களின் நடத்தைச் சிக்கல்களைக் கவனிக்கும் கால்நடை மருத்துவராக, "கூப்பிட்டால் வருவதில்லை" என்ற புகாரை அதிகமாகக் கேட்பது இந்த வயது நாய்களைப் பற்றித்தான். உங்கள் கடிதத்தில் எனக்கு நம்பிக்கை தந்த இடம் ஒன்று இருக்கிறது. அவன் கைக்கு எட்டாத தூரத்தில் வந்து நிற்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உங்களிடம் வர அவனுக்கு மனமிருக்கிறது. பிடிபடத்தான் மனமில்லை. இந்த இரண்டும் வேறு வேறு சிக்கல்கள். இரண்டாவதைச் சரிசெய்வது அவ்வளவு கடினமில்லை.

இதில் மரியாதை எங்கும் வரவில்லை. குட்டிப் பருவத்தில் அவன் உங்கள் பின்னாலேயே வந்தது பயிற்சியின் பலன் அல்ல. உலகம் பெரிதாகவும் புதிதாகவும் இருந்ததால், உங்கள் காலடிதான் அவனுக்குப் பாதுகாப்பான இடமாக இருந்தது. இப்போது கால் வலுத்துவிட்டது, மோப்பம் கூர்மையாகிவிட்டது, மற்ற நாய்கள் மீது ஆர்வம் வந்துவிட்டது. நாய்களுக்கும் விடலைப் பருவம் உண்டு. இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்களும் மற்றவர்களும் சேர்ந்து 2020-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், வழிகாட்டி நாய்களாக வளர்க்கப்படும் நாய்களை 5 மாத வயதிலும் 8 மாத வயதிலும் கவனித்தார்கள். 8 மாதத்தில், "உட்கார்" என்று வளர்ப்பவர் சொன்னபோது கேட்பது குறைந்திருந்தது. அதையே அறிமுகமில்லாத ஒருவர் சொன்னபோது அப்படிக் குறையவில்லை! வளர்த்தவரிடம்தான் அந்த முரண்டு. ஒரு வயதை ஒட்டி அது தணியவும் செய்தது. ஆகவே "என்னிடம் மட்டும் இப்படிச் செய்கிறான்" என்று மனம் புண்படாதீர்கள். ஆனால் வயது ஏறினால் தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிடவும் கூடாது. இந்த மாதங்களில் ஓடிப் பழகியது பின்னாலும் தங்கிவிடும்.

அந்தக் குற்ற உணர்ச்சி முகம்

காதை மடக்கி, கண்ணைத் திருப்பி, உடம்பைக் குறுக்கி நிற்கிறான், அதனால் செய்தது தப்பு என்று அவனுக்குத் தெரியும் என்கிறீர்கள். பெரும்பாலானோர் இப்படித்தான் நம்புகிறார்கள். அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009-இல் இதைச் சோதித்துப் பார்த்தார். தடைசெய்த தின்பண்டத்தை நாய் உண்மையில் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்த முகத்துக்கும் தொடர்பில்லை என்று தெரியவந்தது. உரிமையாளர் திட்டும்போது அந்த முகம் அதிகமாக வந்தது, ஒரு தவறும் செய்யாத நாயிடமும் வந்தது. நீங்கள் பார்ப்பது உங்கள் கோபத்துக்கு அவன் காட்டும் பயம், சமாதானக் கோரிக்கை.

இது ஏன் முக்கியம் என்றால், அன்று வாங்கிய அடியை அவன் எதோடு சேர்த்து நினைவில் வைத்திருக்கிறான் என்று நாம் பார்க்க வேண்டும். ஒரு செயலையும் அதன் விளைவையும் நாய் இணைத்துக்கொள்ள இரண்டும் ஓரிரு நொடிக்குள் நடக்க வேண்டும். சாலையில் பாய்ந்தது சில நிமிடங்களுக்கு முந்தைய கதை. அடி விழுவதற்கு முந்தைய நொடியில் அவன் செய்த ஒரே காரியம், உங்களிடம் திரும்பி வந்தது. அவன் பார்வையில் அடி அதற்குத்தான். உங்கள் கணவர் கல்மனம் கொண்டவர் என்று நான் நினைக்கவில்லை. கண் முன்னால் வண்டியில் அடிபட இருந்த உயிரைப் பார்த்துப் பதறிப்போயிருக்கிறார். ஆனாலும் இதை அவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: எவ்வளவு தாமதமாக வந்தாலும், என்ன செய்துவிட்டு வந்தாலும், வந்த நாய்க்கு அடியோ அதட்டலோ இனி ஒருபோதும் கிடையாது. இந்த ஒன்றை வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொள்ளாவிட்டால் கீழே நான் எழுதப்போகும் எதுவும் பலிக்காது.

அடியை விடுங்கள். "வா" என்ற சொல்லுக்குப் பின் அவனுக்கு வழக்கமாக என்ன நடந்தது? லீஷ் மாட்டப்பட்டது, விளையாட்டு முடிந்தது. குளியல், நகம் வெட்டுதல், மருந்து. வராமல் இருந்தபோது? மற்ற நாய்களோடு இன்னும் கொஞ்சம் ஓட்டம், கூடவே உங்கள் மகனோடு துரத்தல் விளையாட்டு. அவன் நன்றாகவே கற்றுக்கொண்டிருக்கிறான். நாம் கற்றுக்கொடுக்க நினைத்தது வேறு, அவ்வளவுதான்.

பழைய சொல்லை விட்டுவிடுங்கள்

பயத்தோடும் ஏமாற்றத்தோடும் ஒட்டிப்போன சொல்லைத் திருத்துவதைவிட, புதிதாக ஒன்றைத் தொடங்குவது எளிது. வீட்டில் வேறு எதற்கும் பயன்படுத்தாத ஒரு குட்டிச் சொல்லைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் வீட்டுக்கு நான் விசிலைப் பரிந்துரைப்பேன். மூன்று பேரும் மூன்று விதமாகக் கூப்பிடுகிறீர்கள், குரலில் பதற்றமும் கோபமும் ஏறிவிடுகிறது. விசில் யார் ஊதினாலும் ஒரே ஒலி. நாய்க்கு மட்டும் கேட்கும் விசில் வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். மனிதக் காதுக்கு எட்டும் உச்சம் சுமார் 20,000 ஹெர்ட்ஸ், நாய்க்கு ஏறத்தாழ 45,000 வரை எட்டும் என்பதை வைத்துச் செய்யப்படும் கருவி அது. என்னைக் கேட்டால் உங்கள் காதுக்கும் கேட்கும் சாதாரண விசிலே நல்லது. ஊதியது ஒலித்ததா என்று உங்களுக்கும் தெரிய வேண்டுமே. இரண்டு சிறிய ஊதல் என்பது போல ஒரே பாணியை எல்லோரும் பின்பற்றுங்கள்.

முதல் வாரம் வீட்டுக்குள் மட்டும். அவன் பக்கத்தில் சும்மா நிற்கும்போது விசில் ஊதுங்கள், உடனே அவனுக்கு மிகப் பிடித்த உணவைப் பட்டாணி அளவுத் துண்டுகளாக, ஒன்றன்பின் ஒன்றாக நான்கைந்து கொடுங்கள். அவன் எதுவும் செய்ய வேண்டியதில்லை, உட்காரக்கூட வேண்டாம். ஒலி முதலில், உணவு அடுத்து. இந்த வரிசை மாறக்கூடாது. உணவுக்கு முன் வரும் ஒலியை நாய் உணவோடு இணைத்துக்கொள்ளும் என்ற, விஞ்ஞானி பாவ்லோவின் பழைய பாடம்தான் இது. கையில் உணவைக் காட்டிவிட்டு ஊதினால் அவன் கவனம் முழுக்கக் கையில் இருக்கும், ஒலி காதில் ஏறாது. சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால், இரண்டு மூன்று நிமிடம், நாளுக்கு ஓரிரு முறை போதும். ஒலி கேட்டதும் அவன் தலை சட்டென்று உங்கள் பக்கம் திரும்பத் தொடங்கியதும் தூரத்தைக் கூட்டுங்கள். முதலில் அறையின் மறுபக்கம், பிறகு அடுத்த அறை, அப்புறம் நீங்கள் கண்ணுக்குத் தெரியாத இடம்.

உணவில் கஞ்சத்தனம் வேண்டாம். எலும்பு நீக்கி, உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த இறைச்சி பெரும்பாலான நாய்களுக்குப் பிடிக்கும். தினசரித் தட்டில் கிடைக்கும் அதே உலர் உணவை மைதானத்தில் நீட்டினால், இன்னொரு நாயின் வாலுக்கு முன் அது எடுபடாது. பயிற்சித் தின்பண்டங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைய கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்கேற்ப வழக்கமான சாப்பாட்டைக் குறையுங்கள். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்த்த எதுவும் கூடாது. இவை நாய்க்கு விஷம்.

பிடிபடும் பயம் போக

இது உங்கள் நாய்க்கென்றே தனியாகச் செய்ய வேண்டியது. வீட்டுக்குள் அமைதியாக இருக்கும்போது, கையை அவன் தாடைக்குக் கீழாகக் கொண்டுபோய்க் கழுத்துப்பட்டையை மெல்லத் தொடுங்கள், தொட்டதும் ஒரு துண்டு கொடுங்கள், விட்டுவிடுங்கள். தலைக்கு மேலிருந்து கையைக் கொண்டுவராதீர்கள், பல நாய்களுக்கு அது மிரட்டலாகத் தெரியும். தொடுவது பழகியதும் ஒரு நொடி பிடித்து, பிறகு லீஷைக் கொக்கியில் மாட்டி, உணவு கொடுத்து, உடனே கழற்றிவிடுங்கள். பட்டையைத் தொட்டாலே அவன் வாலாட்டி உங்கள் கையைப் பார்க்கும் நிலை வர வேண்டும். அவன் வரும்போது கையை நீட்டி எட்ட வைத்து ஊட்டாதீர்கள். உங்கள் முழங்காலை ஒட்டி வைத்துக் கொடுங்கள், பக்கத்தில் வந்தால்தான் பரிசு என்று புரியும்.

அடுத்தது, வந்தால் விளையாட்டு முடிந்துவிடும் என்ற கணக்கை உடைப்பது. டேவிட் பிரிமாக் என்ற உளவியலாளர் 1959-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஓர் உயிர் தானாக விரும்பிச் செய்யும் செயலையே, அது அவ்வளவாக விரும்பாத இன்னொரு செயலுக்குப் பரிசாக்கலாம் என்பது அது. உங்கள் நாய்க்கு மோப்பம் பிடிப்பதும் ஓடுவதும் உயிர். சரி, அதையே சம்பளமாகக் கொடுங்கள். கூப்பிடுங்கள், வந்ததும் பட்டையைத் தொட்டு உணவு கொடுங்கள், "போ" என்று மறுபடி அனுப்பிவிடுங்கள். பத்தில் ஒன்பது அழைப்பு இப்படித்தான் முடிய வேண்டும். பத்தாவதில் லீஷ் மாட்டினால் அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டான். வீட்டுக்குக் கிளம்பும் அந்த அழைப்புக்குக்கூட, லீஷ் மாட்டிய பிறகு இரண்டு நிமிடம் விளையாடிவிட்டுக் கிளம்புங்கள். குளியலுக்கும் மருந்துக்கும் விசில் ஊதாதீர்கள், நீங்களே போய் அழைத்து வாருங்கள்.

நீளக் கயிறு

வெளியிடத்தில் இனிச் சில மாதங்களுக்கு அவனை அவிழ்த்துவிடக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், காரணம் அந்தச் சாலை மட்டுமல்ல. கூப்பிட்டும் வராமல் ஓடும் ஒவ்வொரு முறையும், வராமலிருப்பதற்கு அவனுக்குப் பெரிய பரிசு கிடைத்துவிடுகிறது. ஏறத்தாழ 10 மீட்டர் நீளமுள்ள பயிற்சிக் கயிறு வாங்குங்கள். அதைக் கழுத்துப்பட்டையில் மாட்டாதீர்கள். மார்பையும் முதுகையும் சுற்றிக் கட்டும், முதுகுப் பக்கம் வளையமுள்ள ஹார்னெஸ் என்ற வாரில் மாட்டுங்கள். முழு வேகத்தில் ஓடி, கயிறு தீர்ந்து வெட்டி நிற்கும்போது கழுத்தில் விசை விழுந்தால் மூச்சுக்குழலும் கழுத்தெலும்பும் பாதிக்கப்படலாம். கயிற்றை உங்கள் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், மகனிடம் கொடுக்காதீர்கள், மற்ற நாய்கள் கூட்டமாக விளையாடும் இடத்தில் பயன்படுத்தாதீர்கள். கால்களில் சிக்கினால் ஆபத்து. தானாகச் சுருங்கும் லீஷ் இதற்கு ஒத்துவராது, அதில் எப்போதும் ஓர் இழுவிசை இருந்துகொண்டே இருக்கும்.

கயிற்றைச் சுண்டி இழுத்து அவனை வரவழைக்கக் கூடாது. அவன் தப்பிப்போகாமல் இருக்க மட்டுமே அது. ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில், சலிப்பூட்டும் ஒரு வெற்று இடத்தில் தொடங்குங்கள். இங்கே ஒரு விதி: அவன் வருவான் என்று பந்தயம் கட்டும் அளவுக்கு நம்பிக்கை இருந்தால்தான் ஊதுங்கள். இன்னொரு நாயோடு மூக்கோடு மூக்கு வைத்து நிற்கும்போது ஊதாதீர்கள், அந்த அளவுக்கு இன்னும் பாடம் நடக்கவில்லை. ஒரே ஒருமுறை ஊதுங்கள். பத்து முறை ஊதினால், முதல் ஒன்பதைச் சட்டைசெய்ய வேண்டியதில்லை என்று கற்றுக்கொடுப்பதாகிவிடும். வரவில்லையா, கோபப்படாமல் கயிற்றைப் பிடித்தபடி நீங்கள் அருகே போங்கள், அவன் கவனம் விடுபட்டதும் சில அடி தூரத்திலிருந்து மறுபடி முயலுங்கள். அடுத்த நாள் இன்னும் எளிதான இடத்துக்குப் போங்கள்.

உங்கள் உடம்பும் பேசுகிறது. நேருக்கு நேர் நின்று, முன்னால் சாய்ந்து, "வாடா இங்கே" என்றால் அது நாயைத் தள்ளிவிடும் தோரணை. பக்கவாட்டில் திரும்பிக் குனியுங்கள், அல்லது அவனுக்கு எதிர்த்திசையில் நான்கடி ஓடுங்கள். ஓடுவதைத் துரத்துவது நாயின் இயல்பு. உங்கள் மகனின் உற்சாகத்தையும் இங்கேதான் பயன்படுத்த வேண்டும். இனி அவன் நாயைத் துரத்தக் கூடாது, நாய்தான் அவனைத் துரத்த வேண்டும். வீட்டுக்குள் கண்ணாமூச்சி ஆடச் சொல்லுங்கள்: மகன் ஒளிந்துகொண்டு விசில் ஊத, நாய் தேடிக் கண்டுபிடித்ததும் விருந்து. பயிற்சி என்று எண்ணிச் செய்யும் எதையும்விட இது வேகமாகப் பலன் தருவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

எத்தனை நாள் உணவு கொடுத்துக்கொண்டே இருப்பது என்று கணவர் கேட்பார். "உட்கார்" போன்றவற்றுக்குப் படிப்படியாகக் குறைக்கலாம். கூப்பிட்டு வருவதற்கு, என் கருத்தில், ஆயுள் முழுக்கக் கொடுக்க வேண்டும். சில நாள் ஒரு துண்டு, சில நாள் எதிர்பாராத பெரிய விருந்து, சில நாள் பந்து. அவன் உயிரைக் காக்கப்போகிற பழக்கத்துக்கு இது பெரிய செலவே இல்லை.

ஷாக் காலர், தலைமை, கருத்தடை

ஷாக் காலர் வேண்டாம். பிரிட்டனின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், கூப்பிட்டால் வராதது போன்ற சிக்கல்கள் உள்ள 63 நாய்களை மூன்று குழுக்களாகப் பிரித்து ஒப்பிட்டார்கள். பரிசு கொடுத்தே பயிற்சி பெற்ற குழு, மின் காலர் குழுவைவிடப் பின்தங்கவில்லை, முதல் கட்டளைக்கே கேட்பதில் முன்னிலையிலும் இருந்தது. கால்நடை நடத்தையியலுக்கான அமெரிக்க மருத்துவர் சங்கமும் 2021-இல் எல்லா நாய்களுக்கும் பரிசு சார்ந்த பயிற்சியைத்தான் பரிந்துரைத்தது. வேல்ஸ் நாட்டில் இந்தக் காலர்கள் 2010 முதலே தடைசெய்யப்பட்டுள்ளன. உங்கள் நாய் விஷயத்தில் எனக்குள்ள அச்சம் இன்னும் குறிப்பானது. அவன் இன்னொரு நாயை நோக்கி ஓடும்போது ஷாக் அடித்தால், அந்த வலியை அந்த நாயோடு இணைத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். இன்று நட்போடு ஓடுபவன் நாளை உறுமத் தொடங்கலாம். அதோடு, ஏற்கெனவே ஒருமுறை திரும்பி வந்து அடிவாங்கியவன் அவன்.

தலைவர் யார் என்று காட்டும் யோசனையை ஒதுக்கிவிடலாம். அவன் உங்கள் பதவிக்குப் போட்டியிடவில்லை.

கருத்தடையைப் பொறுத்தவரை, பெண் நாய்களின் வாசனையைத் தேடி அலைவது ஆண் நாய்களில் அதனால் குறையலாம். மற்ற நாய்களோடு விளையாட ஓடுவது குறையும் என்று சொல்ல முடியாது, கூப்பிட்டால் வருவதை அறுவை சிகிச்சை கற்றுக்கொடுக்கவும் செய்யாது. உடல் பெரிதாக வளரும் இனங்களில் எலும்பு வளர்ச்சியைக் கருதிச் சற்றுத் தாமதிக்கச் சொல்வதுண்டு. நேரில் பார்க்கும் மருத்துவரிடம் எடை, இனம் சொல்லி முடிவெடுங்கள். காது கேட்கிறதா என்ற சந்தேகம் உங்கள் விஷயத்தில் வேண்டாம், திரும்பிப் பார்க்கிறானே.

பொறுப்பும் பாதுகாப்பும்

அவிழ்த்துவிட்ட நாய் யாரையாவது கடித்தாலோ விபத்துக்குக் காரணமானாலோ பெரும்பாலான இடங்களில் வளர்ப்பவரே பதில் சொல்ல வேண்டியிருக்கும். பொது இடத்தில் லீஷ் கட்டாயமா, எங்கே அவிழ்த்துவிட அனுமதி உண்டு என்பதை உங்கள் உள்ளாட்சி அமைப்பிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வெறிநோய்த் தடுப்பூசியின் அடுத்த தவணை தவறக் கூடாது. ஹார்னெஸில் தொலைபேசி எண் உள்ள வில்லை ஒன்றும், முடிந்தால் தோலுக்கடியில் மைக்ரோசிப்பும் இருக்கட்டும். கயிற்றைக் கழற்றும் நாள் வந்தாலும் அது வேலி போட்ட இடமாக இருக்கட்டும். எவ்வளவு பழகிய நாயும் நூற்றுக்கு நூறு வரும் என்று எந்த மருத்துவரும் உறுதி தர முடியாது. சாலையோரத்தில் எந்த வயதிலும் அவிழ்த்துவிடாதீர்கள்.

கழற்றலாமா என்று எப்படித் தெரியும்? கயிறு தரையில் தளர்வாகக் கிடக்க, தூரத்தில் மற்ற நாய்கள் இருக்க, வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு நாட்களில், ஒரே ஊதலுக்கு அவன் பாதி வழியில் திரும்பி ஓடிவர வேண்டும். சில வாரங்கள் தொடர்ந்து இப்படி நடந்தால் யோசிக்கலாம். சில நாய்களுக்கு இரண்டு மாதம், சிலவற்றுக்கு ஆறு மாதத்துக்கும் மேல்.

அதற்குள் ஒருநாள் கதவு திறந்திருந்து அவன் நழுவி ஓடிவிட்டால், வீட்டில் யாரும் துரத்த வேண்டாம். சாலை பக்கத்தில் இருந்தால் ஒருவர் வண்டிகளை எச்சரிக்கட்டும். அவன் பார்வையில் படும்படி எதிர்த்திசையில் ஓடுங்கள், இல்லாவிட்டால் தரையில் உட்கார்ந்து, புதையலைக் கண்டெடுத்தவர் போலப் புல்லைக் கிளறுங்கள். அருகே வந்தால் உணவைத் தரையில் சிதறிவிட்டு, அவன் தலை குனிந்து தின்னும்போது தாடைக்குக் கீழாகப் பட்டையைப் பிடியுங்கள். பிடித்த பிறகும் கொடுப்பதை நிறுத்தாதீர்கள். கை நடுங்கினாலும் குரல் இனிமையாக இருக்கட்டும்.